மரவள்ளித் தேமலும் அதன் இனமறிய வேண்டிய அவசியமும்

தருமபுரி ஜில்லாவின் செம்மண் மேடுகளில், மழை பெய்தாலும் பொய்த்தாலும் குடியானவரை முற்றும் கைவிடாத பயிர்கள் சிலவே. அவற்றுள் மரவள்ளி ஒன்று. குச்சிக்கிழங்கு என்று ஜனங்கள் வழங்கும் இப்பயிர் பாப்பிரெட்டிப்பட்டி, அரூர், கடத்தூர், பென்னாகரம் முதலிய பகுதிகளில் பல குடும்பங்களுக்கு வருஷத்தின் பெரிய வரவாக இருந்து வருகிறது. இதன் கிழங்கு தொப்பூர்க் கணவாயைக் கடந்து சேலத்துச் சேகோ ஆலைகளுக்கும், ஜில்லாவுக்குள்ளேயே உள்ள ஆலைகளுக்கும் செல்கிறது. அங்கே மாவுச்சத்துப் பாயிண்ட் பார்த்து விலை கட்டப்படுகிறது. ஆகவே எடை குறைந்தாலும் நஷ்டம், பாயிண்ட் குறைந்தாலும் நஷ்டம். இவ்விரண்டையும் ஒருங்கே குறைக்கவல்ல தேமல் நோயைப் பற்றிக் குடியானவர்களும் இலாகாவும் இப்பொழுது காட்டும் சிரத்தை போதுமா என்பது ஆலோசிக்கத்தக்கது. போதாது என்பதும், இந்நோயை உண்டாக்கும் கிருமியின் இனத்தை ஆண்டுதோறும் கண்டறிந்து வெளியிடும் ஏற்பாடு ஒன்று அவசியம் என்பதுமே இக்கட்டுரையின் கருத்தாகும்.

மரவள்ளி இந்நாட்டுக்குரிய பயிரன்று. தென் அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக மேலைக் கடற்கரைக்கு வந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாளின் ஊக்கத்தால் அங்கே உணவுப் பயிராகப் பரவியது. இரண்டாம் உலகப் போரின்போது கடல் கடந்து வரும் ஜவ்வரிசி நின்றுபோகவே, சேலத்தில் மரவள்ளி மாவைக் கொண்டு ஜவ்வரிசி செய்யும் தொழில் தோன்றிற்று. தருமபுரி அக்காலத்தில் சேலம் ஜில்லாவின் ஒரு பகுதியாகவே இருந்தது. 1965-ஆம் ஆண்டில்தான் தனி ஜில்லாவாயிற்று. ஆலைகள் பெருகப் பெருகப் பயிரும் பெருகிற்று. பயிர் பெருகியபோது குச்சியும் ஊர் விட்டு ஊர் சென்றது. குச்சியோடு நோயும் சென்றது.

தேமல் நோயின் குறிகளை அறியாத மரவள்ளிக் குடியானவர் இரார். இலையில் பச்சையும் வெளிர் மஞ்சளும் திட்டுத் திட்டாகக் கலந்து தோன்றும். இலை ஒருபுறம் சுருங்கிக் கோணும். நோய் கடுமையானால் இலை சிறுத்துச் செடி குறுகும். இலையின் பச்சையமே கிழங்கில் மாவைச் சேர்ப்பது. அது குன்றினால் கிழங்கும் குன்றுவது இயற்கை. எளிதில் நோய்க்கு ஆளாகும் ரகங்களில் விளைச்சலில் கால் பங்கும் அதற்கு மேலும் இழப்பதுண்டு.

கிழக்கு ஆப்பிரிக்காவில், இன்று தான்சானியா என வழங்கும் நாட்டில், வார்பர்க் என்பவர் 1894-ஆம் ஆண்டிலேயே இந்நோயை வருணித்திருக்கிறார். இந்தியாவில் 1950-களில் இது கவனிக்கப்பட்டது. நோய்க்குக் காரணம் வைரஸ் என்னும் நுண்கிருமி. சாதாரணப் பூதக்கண்ணாடிக்கு அது புலப்படாது. மின்னணு நுண்ணோக்கியில் இரண்டு சிறு உருண்டைகள் ஒட்டிப் பிறந்த இரட்டையர் போலத் தோன்றும்.

இவ்வைரஸ் ஒரு வயலுக்கு வரும் வழிகள் இரண்டு. முதலாவது, நோயுற்ற செடியிலிருந்து வெட்டிய கரணை. இரண்டாவது, வெள்ளை ஈ. கரணை வழியே வந்த நோய்க்கும் ஈயின் வழியே வந்த நோய்க்கும் உள்ள வேற்றுமையைக் குடியானவர் தமது கண்ணாலேயே அறியலாம். முளைத்து வரும் முதல் இலைகளிலேயே தேமல் தோன்றுமாயின் நோய் கரணையில் வந்தது. கீழ் இலைகள் சுத்தமாயிருந்து மேல் இலைகளில் மட்டும் தேமல் காணுமாயின், வயலில் நட்ட பிறகு ஈ கொண்டுவந்தது. முன்னதில் செடி பிறவி நோயாளியாகிறபடியால் நஷ்டம் அதிகம். பின்னதில், அதிலும் செடி நன்றாக வளர்ந்த பிறகு தொற்றியதாயின், நஷ்டம் குறைவு. ஆனால் அச்செடியிலிருந்து அடுத்த போகத்துக்குக் குச்சி எடுத்தால், குறைந்த நஷ்டம் மறு வருஷத்தில் பெரிய நஷ்டமாக மாறும்.

இதன் கணக்கு எளியது. மூன்றடிக்கு மூன்றடி நட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 4,840 கரணை வேண்டும். ஒரு செடியின் தண்டிலிருந்து பத்துக் கரணை கிடைப்பதாக வைத்துக்கொள்ளலாம். நோயுற்ற ஒரு செடியைக் குச்சிக்கு விட்டால், அடுத்த ஆண்டில் பத்து நோயாளிச் செடிகள், அதற்கடுத்த ஆண்டில் நூறு, மூன்றாம் ஆண்டில் ஆயிரம். ஈ ஒன்றுகூடப் பறவாத ஊரிலும் இக்கணக்கு தவறாது. நெல் விதை வாங்கும்போது சான்று அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் குடியானவர், மரவள்ளிக் குச்சியை அண்டை வயலிலிருந்து கேள்வியின்றிக் கட்டுக் கட்டாக எடுத்து வருகிறார். விரை ஒன்று போட்டுச் சுரை ஒன்றை எதிர்பார்ப்பது எப்படியோ, நோய்க் குச்சியை நட்டு நற்கிழங்கை எதிர்பார்ப்பதும் அப்படியே.

இவ்வளவும் பழைய விஷயம். இனிச் சொல்லப்படுவது, சென்ற முப்பது ஆண்டுகளில் விஞ்ஞானிகள் வெளிப்படுத்திய புதிய விஷயம். தேமல் என்ற ஒரே பெயரில் வழங்கும் நோய்க்குப் பின்னால் இருப்பது ஒரே வைரஸ் அன்று. ஒவ்வொரு வைரஸுக்கும் அதன் குலத்தைக் காட்டும் மரபுப் பொருள் உண்டு. மரவள்ளித் தேமல் வைரஸில் அது இரண்டு வளையங்களாக, வளையம் ஒன்றுக்கு ஏறக்குறைய 2,700 எழுத்துக்களாக அமைந்திருக்கிறது. எழுத்து வகை நான்கே. அந்நான்கும் எந்த வரிசையில் நிற்கின்றன என்பதே இனத்துக்கு இனம் வேறுபடுவது. ஆய்வுச்சாலையில் இலைத்துண்டை அரைத்து, மரபுப் பொருளைப் பிரித்து, அதைப் பல கோடிப் பிரதிகளாகப் பெருக்கி, எழுத்து வரிசையைக் கருவியால் வாசிக்கிறார்கள். முதல் வளையத்தின் எழுத்துக்களில் நூற்றுக்கு 91-க்குக் குறைவாகவே ஒத்திருந்தால் அவை வெவ்வேறு இனம் என்பது சர்வதேச நிபுணர்கள் இவ்வகை வைரஸ்களுக்கு வகுத்துள்ள அளவுகோல்.

இம்முறையில் இந்திய மரவள்ளித் தேமல் வைரஸின் எழுத்து வரிசை 1993-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இலங்கையில் எடுத்த மாதிரிகளை ஆராய்ந்தபோது அது வேறோர் இனம் என்று 2002-ஆம் ஆண்டில் தெரிந்தது. அதற்கு இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸ் என்று பெயரிட்டார்கள். இன்னும் வியப்பான செய்தி ஒன்றும் அப்போது வெளிவந்தது. இந்த இனம் முன்பு ஒற்றை வளையத்தோடு வாழ்ந்திருக்கக்கூடும் என்றும், இரண்டாம் வளையத்தை இந்திய இனத்திடமிருந்து கைக்கொண்டிருக்கக்கூடும் என்றும் அவ்வாராய்ச்சி காட்டிற்று. அதாவது இவ்வைரஸ்கள் ஒரே செடியில் சந்திக்கும்போது ஒன்றின் ஆயுதத்தை மற்றொன்று பெற்றுக்கொள்ள வல்லவை. 2005-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சிகளோ, இரண்டு இனங்களும் தென்னிந்தியாவில் உலவுகின்றன என்றும், ஒரே செடியில் இரண்டும் கலந்திருப்பதும் உண்டு என்றும், தமிழகத்தில் பரவலாக இருப்பது இலங்கைப் பெயர் கொண்ட இனமே என்றும் தெரிவித்தன.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பெயரில் இலங்கை இருப்பதால் நோய் அங்கிருந்து வந்தது என்று முடிவு கட்டுவது தவறு. எங்கே எடுத்த மாதிரியை முதலில் முழுவதும் வாசித்தார்களோ அவ்விடத்தின் பெயரே இனத்துக்கு நிற்கிறது. எவரும் தேடிப் பாராத காலத்திலும் அது சேலத்து வயல்களில் இருந்திருக்கலாம். பெயர் என்பது அடையாளத்துக்கே அன்றிக் குற்றச்சாட்டுக்கு அன்று.

இவ்வினத்தின் பிற்காலச் சரித்திரம் தருமபுரியார் தெரிந்துகொள்ள வேண்டியதாகும். 2015-ஆம் ஆண்டில் இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸ் கம்போடியாவின் ரத்தனகிரி மாகாணத்தில் காணப்பட்டது. தென்கிழக்கு ஆசியாவின் மரவள்ளி வயல்கள் அதுவரை இந்நோயை அறியாதவை. 2017-ல் வியட்நாமிலும், 2018-ல் தாய்லாந்திலும் சீனத்திலும், 2020-ல் லாவோஸிலும் அதே இனம் கண்டுபிடிக்கப்பட்டது. உலகத்துக்கே அதிகமாக மரவள்ளிப் பொருள்களை ஏற்றுமதி செய்யும் தாய்லாந்து, ஐந்தாறு ஆண்டுகளுக்குள் பெரும் கவலையில் ஆழ்ந்தது. கரணை வியாபாரமும் வெள்ளை ஈயும் சேர்ந்து செய்த வேலை அது. அங்கங்கே எடுத்த மாதிரிகளின் எழுத்து வரிசையை ஒப்பிட்டதனாலேயே, இவையனைத்தும் ஒரே குலத்தின் கிளைகள் என்று தெரிந்தது. கண்ணால் இலையை மட்டும் பார்த்திருந்தால், ஆப்பிரிக்க இனமா ஆசிய இனமா என்றுகூடச் சொல்லியிருக்க இயலாது.

இனமறியாமையால் வரும் கேட்டுக்கு உகாண்டா தேசம் ஒரு சான்று. 1980-களின் இறுதியில் அங்கே மரவள்ளித் தேமல் திடீரென்று கடுமையாயிற்று. பழகிய நோய்தான் என்று நினைத்த குடியானவர்கள் வயல் வயலாகப் பயிரை இழந்தார்கள். பல பகுதிகளில் மரவள்ளியையே கைவிட நேர்ந்தது. மரவள்ளியே பிரதான உணவாயிருந்த இடங்களில் பஞ்சமும் தலைகாட்டிற்று. பத்தாண்டு கழித்து, 1997-ஆம் ஆண்டில்தான், இரண்டு ஆப்பிரிக்க இனங்களின் மரபுப் பொருள் கலந்து பிறந்த புதிய வைரஸ் அவ்வயல்களில் பரவியிருந்த உண்மை ஆய்வுச்சாலையில் வெளிப்பட்டது. இலையின் தேமல் பழையதைப் போன்றே இருந்தது. கிருமியோ புதியது. தென்னிந்தியாவிலும் இரண்டு இனங்கள் ஒரே செடியில் சந்திக்கின்றன என்பதை நினைத்தால், உகாண்டாவின் கதை தூர தேசத்துக் கதையாகத் தோன்றாது. அப்படிப்பட்ட கலப்பு இங்கே கேடு விளைத்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. நேர்ந்தால் உடனே தெரிந்துகொள்ளும் கண் வேண்டும் என்பதே சொல்லத்தக்கது.

இத்தகைய யோசனைக்குப் பல ஆட்சேபங்கள் எழுவது இயல்பு. அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வது நியாயம்.

முதல் ஆட்சேபம், கிருமியின் பெயர் தெரிந்தால் நோய் தீருமா என்பது. தீராது. தேமல் பிடித்த செடியைக் குணப்படுத்தும் மருந்து இன்றளவும் இல்லை. ஆனால் பெயர் தெரியாமல் எடுக்கும் முயற்சி வீணாவதுண்டு என்பதற்கு மரவள்ளியின் மற்றொரு பகையான மாவுப்பூச்சியே உதாரணம். 1970-களில் ஆப்பிரிக்காவின் காங்கோ பகுதியில் மரவள்ளி மாவுப்பூச்சி புகுந்து பெரு நாசம் விளைத்தது. அதன் இயற்கை எதிரியைத் தேடித் தென் அமெரிக்காவுக்குச் சென்றவர்கள், முதலில் அதன் வட பகுதியில் அதே போன்ற ஒரு பூச்சியைக் கண்டார்கள். அதன் எதிரிகளைக் கொண்டுவந்து பார்த்தபோது பயனில்லை. பின்னர் நுணுகி ஆராய்ந்ததில் அது உருவில் ஒத்த வேறோர் இனம் என்று தெரிந்தது. உண்மையான இனம் 1981-ல் பராகுவே நாட்டில் அகப்பட்டது. அங்கிருந்து வந்த சிறு குளவி ஆப்பிரிக்கா முழுவதும் அப்பூச்சியை அடக்கிற்று. அம்முயற்சியை நடத்திய ஹான்ஸ் ஹெரன் 1995-ல் உலக உணவுப் பரிசு பெற்றார்.

அதே மாவுப்பூச்சி 2020-ஆம் ஆண்டில் கேரளத்துத் திருச்சூரில் காணப்பட்டுச் சேலம், நாமக்கல், தருமபுரி வயல்களுக்கும் வந்தது. இம்முறை இனம் விரைவில் உறுதியானபடியால், பெங்களூரில் உள்ள தேசியப் பூச்சி வள நிலையத்தார் 2021-ல் பெனின் தேசத்திலிருந்து அதே குளவியை வரவழைத்தார்கள். 2022-ல் தமிழக வயல்களில் அதை விடத் தொடங்கினார்கள். ஆப்பிரிக்காவில் பல ஆண்டுகள் பிடித்த காரியம் இங்கே இரண்டு ஆண்டுகளுக்குள் நடந்தேறியது. பெயர் அறிந்ததன் பலன் இதுவே. பூச்சிக்குப் பொருந்துவது வைரஸுக்கும் பொருந்தும்.

வைரஸின் இனமறிவதால் வரும் நேரான பயன், எதிர்ப்பு ரகங்களைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. திருவனந்தபுரத்தை அடுத்த ஸ்ரீகாரியத்தில் 1963-ல் தோன்றிய மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையமும், சேலம் ஜில்லா ஏத்தாப்பூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையமும் தேமலைத் தாங்கும் ரகங்களுக்காக உழைத்து வருகின்றன. ஆப்பிரிக்காவிலிருந்து வரவழைத்துத் தேர்ந்த ஸ்ரீ பத்மநாபா என்ற ரகம் தேமலை நன்கு எதிர்ப்பது. எனினும் ஒரு ரகம் எந்த இனத்தை எதிர்த்து நின்றது என்று தெரிந்தாலன்றி, வேறோர் இனம் மிகுந்த ஊரில் அது எவ்வாறு நடந்துகொள்ளும் என்று உறுதி கூற முடியாது. உலகில் பல எதிர்ப்பு ரகங்களின் வலிமை ஒரே மரபுக் கூறில் அடங்கியிருப்பதும், அக்கூறு இன்னதென்று 2022-ல் கண்டுபிடிக்கப்பட்டதும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கவை. ஒரே தாழ்ப்பாள் இட்ட கதவை அடிக்கடி சென்று பார்க்க வேண்டியது வீட்டுக்காரர் கடமை.

இரண்டாம் ஆட்சேபம், தேமல் இருந்தும் கிழங்கு வருகிறதே, இவ்வளவு கவலை எதற்கு என்பது. இது அனுபவத்திலிருந்து எழும் பேச்சாகையால் அலட்சியம் செய்யத்தக்கதன்று. நோயைச் சகித்துக்கொண்டு விளையும் ரகங்கள் உண்டு என்பதும் உண்மை. ஆனால் நோயற்ற செடியைப் பக்கத்தில் வைத்து நிறுத்துப் பார்த்த குடியானவர் மிகச் சிலர். வந்தது எவ்வளவு என்று தெரியும், வராமற்போனது எவ்வளவு என்று தெரியாது. மேலும் சகிக்கும் செடியின் இலை சுத்தமாகத் தோன்றினாலும் உள்ளே வைரஸ் இருக்கக்கூடும். அது தனக்குத் தீங்கின்றி அண்டை வயலுக்கு நோயை வழங்கும். இத்தகைய செடியைக் கண் பிரித்தறியாது. ஆய்வுச்சாலையே பிரித்தறியும்.

மூன்றாம் ஆட்சேபம் செலவைப் பற்றியது. ஒவ்வொரு செடியையும் சோதிப்பதென்றால் அது நடவாத காரியமே. அது அவசியமும் அன்று. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பழமொழி. வயல் பானையைப் போல எங்கும் ஒரே சீரானதன்று ஆகையால், தாலூகாவுக்குச் சில கிராமங்களும் கிராமத்துக்குச் சில வயல்களுமாகப் பொறுக்கி எடுத்தால் போதும். முழு எழுத்து வரிசையையும் எல்லா மாதிரிகளிலும் வாசிக்க வேண்டியதில்லை. எந்த இனம் என்று காட்டும் எளிய சோதனையைப் பெரும்பாலானவற்றுக்குச் செய்து, ஐயமுள்ளவற்றையும் வழக்கத்துக்கு மாறான கடுமை காட்டுபவற்றையும் மட்டும் முழுதும் வாசிக்கலாம். மனிதருக்கு வரும் கொரோனா நோயின் உருமாற்றங்களை அறிய, 2021 செப்டம்பரில் தமிழக சர்க்கார் சென்னையில் மரபு வரிசை ஆய்வுச்சாலை ஒன்றை நிறுவியது. அதுவரை வெளியூருக்கு மாதிரி அனுப்பிக் காத்திருந்த நிலை அதனால் மாறிற்று. அக்கருவிகளும் கைத்திறனும் மாநிலத்தில் உள்ளனவாகையால், பயிருக்கும் அவ்வழியை வகுப்பது புதுமையான துணிவு ஆகாது.

விரைவின் பயனுக்கு வங்காள தேசத்தின் அனுபவமும் சாட்சி. 2016-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்கே ஏறக்குறைய 15,000 ஹெக்டேர் கோதுமையைக் குலைநோய் தாக்கிற்று. நோயுற்ற பயிர் மாதிரிகளின் மரபு வரிசையை வாசித்து, உலகெங்கும் உள்ள ஆராய்ச்சியாளர் பார்க்கும்படி உடனே வெளியிட்டார்கள். சில வாரங்களுக்குள் அது தென் அமெரிக்காவில் கோதுமையைத் தாக்கும் குலத்தைச் சேர்ந்தது என்று தெரிந்துபோயிற்று. அங்கே அதை எதிர்த்துப் பயன்பட்ட ரகங்களைத் தேட வழி பிறந்தது.

நான்காம் ஆட்சேபம் வாய்விட்டுச் சொல்லப்படுவதில்லை. ஆனால் அதுவே மிக வலியது. தமது வயல் நோய் வயல் என்று ஏட்டில் ஏறிவிட்டால், குச்சி வாங்குவோர் வரமாட்டார், கிழங்கு வியாபாரியும் விலையைக் குறைப்பார் என்ற அச்சம் குடியானவருக்கு உண்டு. இவ்வச்சத்தை நீக்காமல் எந்தச் சோதனையும் நடவாது. இலை கொடுத்தவர் இன்னார் என்பதை வெளியிடாமல், பகுதியின் பெயரை மட்டும் வெளியிட வேண்டும். செடியைப் பிடுங்கச் சொல்லும் அதிகாரி, அதற்கு ஈடாக நோயற்ற கரணையைக் கையில் வைத்துக்கொண்டே சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னவன் நஷ்டப்படுவான் என்றிருந்தால், அடுத்த முறை உண்மை வெளிவராது.

இவ்வாட்சேபங்களையெல்லாம் கருதியபின், தருமபுரி ஜில்லாவுக்குப் பின்வரும் ஏற்பாடு தகுதியாகத் தோன்றுகிறது. குச்சி வெட்டும் பருவத்துக்கு இரண்டு மாதம் முன்னதாகத் தோட்டக்கலை இலாகாவினர் ஒவ்வொரு வட்டாரத்திலும் இலை மாதிரி எடுத்து, ஏத்தாப்பூர், கோயம்புத்தூர், ஸ்ரீகாரியம் ஆகிய இடங்களில் எங்கே வசதியோ அங்கே சோதிப்பிக்க வேண்டும். எந்த வட்டாரத்தில் எந்த இனம், கலப்பு உண்டா, எந்த ரகத்தில் மிகுதி என்ற முடிவுகள், குடியானவர் குச்சி தேடப் புறப்படுவதற்கு முன்பே கிராமங்களில் அறிவிக்கப்பட வேண்டும். நடவு முடிந்த பிறகு வரும் அறிக்கை அலமாரிக்கே உதவும். பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையம் போன்ற இடங்களில் சோதித்த செடிகளைக் கொண்ட தாய்த் தோட்டங்கள், பழைய மரவள்ளி வயல்களுக்குத் தொலைவில், ஈயின் வரவைக் கவனித்து வளர்க்கப்பட வேண்டும். சேகோ ஆலைக்காரரும் இதில் பங்கு கொள்வது நியாயம். பாயிண்ட் கூடினால் லாபம் குடியானவருக்கு மட்டுமன்று, ஆலைக்கும் உண்டு. வெளியூரிலிருந்தும் வெளி மாநிலத்திலிருந்தும் லாரியில் வரும் குச்சிக்கு எந்த ஊர், எந்த ரகம் என்ற விவரமேனும் இருக்க வேண்டும்.

இலாகாவின் ஏற்பாடு வரும் வரையில் குடியானவர் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. பயிர் நிற்கும்போதே, நட்ட மூன்று மாதத்துக்குள், தேமலற்ற செடிகளுக்கு அடையாளம் கட்டி, அவற்றிலிருந்து மட்டும் குச்சி எடுப்பது ஒரு வழி. அறுவடை சமயத்தில் இலை உதிர்ந்த தண்டைப் பார்த்துத் தீர்மானிப்பது குருட்டு வேலை. இரண்டு கணுவுள்ள சிறு கரணைகளை நிழல்வலைக்குள் நாற்றங்காலில் நெருக்கமாக நட்டு, மூன்று நான்கு வாரம் கவனித்து, தேமல் காட்டும் நாற்றுக்களைப் பிடுங்கியெறிந்து, மிஞ்சியவற்றை வயலில் நடுவது ஸ்ரீகாரியம் நிலையத்தார் காட்டிய மற்றொரு வழி. இதனால் குச்சியும் மிச்சம், நோயும் குறைவு. வயலில் முதல் இலையிலேயே தேமல் காட்டும் செடியை இரக்கப்பட்டு விட்டுவைப்பது, மற்றச் செடிகளின் மீது இரக்கமின்மையாகும்.

இவை ஒரே ஊரார் சேர்ந்து செய்தாலன்றி முழுப் பயன் தரா. ஈ வரப்பை மதிப்பதில்லை. ஒருவர் சுத்தமான கரணையை நட்டு, அண்டை வயலார் நோய்க் குச்சியை நட்டால், முன்னவரின் உழைப்பில் ஒரு பகுதி வீணாவது திண்ணம்.

கண்ணுக்குத் தெரியாத கிருமியின் குலம் கோத்திரத்தை ஆராய்வது படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பது பிழை. குத்தகை நிலத்தில் கடன் வாங்கிக் குச்சி நட்டவர், எட்டு பத்து மாதம் காத்திருந்து, ஆலை வாசலில் பாயிண்ட் குறைந்த சீட்டைக் கையில் வாங்கும்போது, அந்தக் குறைவின் காரணம் அவர் நட்ட நாளிலேயே அந்தக் குச்சிக்குள் இருந்திருக்கலாம். அதை முன்கூட்டியே அறியும் கருவி இன்று உண்டு. அறிந்தவர் அறியாதவருக்குச் சொல்லும் ஏற்பாடு ஒன்றே குறைவு. வரும் நடவுப் பருவத்துக்கு முன்னேனும் தருமபுரியில் அது தொடங்கப்படுவது நலம்.